காய்ச்சலும் ஸ்டீரோயிட்டும்: வேண்டுமென்று நின்ற ஐயாவும் வேண்டாமென்று பயந்த அக்காவும்

போன மாரியில் ஒரே கிழமைக்குள் இரண்டு பேர் என்னிடம் ஒரே மருந்தைப் பற்றிக் கேட்டார்கள்.

முதலாமவர் தோட்டம் செய்கிற ஒரு ஐயா. கையில் குளிசை அட்டையின் வெட்டிய மூலை ஒன்று. பெயர் இருந்த பக்கம் எப்போதோ போய்விட்டது. பின்பக்கத்து வெள்ளித் தாளில் ‘சோலோன்’ என்ற வால் மட்டும் மிச்சம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரோயிட் குளிசை அது. “தம்பி, போன வருசம் காய்ச்சலுக்கு இதிலை மூண்டு போட்டனான். அடுத்த நாளே எழும்பித் தோட்டத்துக்குப் போயிட்டன். ஒரு பத்துத் தாரும்.” மூன்று நாளாகக் காய்ச்சல் என்றார். கண் சிவந்திருந்தது.

இரண்டாமவர் ஒரு அக்கா. இரவு பத்து மணிக்குத் தொலைபேசி. கணவர் கடும் நியூமோனியாவோடு ஐ.சீ.யூ.வில். “டொக்டர்மார் ஸ்டீரோயிட் போடப் போகினமாம். கிருமி இருக்கேக்கை அதைப் போட்டா எதிர்ப்புச் சக்தி எல்லாம் போயிடும் எண்டு சொல்லினம். வேண்டாம் எண்டு சொல்லிவிடவா?”

ஐயாவுக்கு அந்த மருந்து கூடாது. அக்காவின் கணவருக்கு அது உயிரைக் காக்கக்கூடியது. நான் மருத்துவர் அல்ல, மருந்தாளர். இருபது வருடத்துக்கு மேலாக மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், இந்த இரண்டு கேள்வியும் மாறிமாறி வந்துகொண்டே இருக்கின்றன. அதனால் இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போம். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது சரி என்று முடிவெடுக்க வேண்டியவர் அவரைத் தொட்டுப் பார்க்கிற மருத்துவர்தான். ஆனால் அவரிடம் என்ன கேட்பது என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

## இந்த மருந்து செய்வது என்ன

வளவுக்குள் கள்ளன் புகுந்தால் நாயை அவிழ்த்துவிடுகிறோம். கள்ளன் கிருமி, நாய் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி. ஸ்டீரோயிட் அந்த நாயைக் கட்டிப்போடுகிற சங்கிலி. கள்ளன் உள்ளே நிற்கும்போது நாயைக் கட்டினால் கொண்டாட்டம் கள்ளனுக்கு. ஆனால் சில இரவுகளில் நாய் வெறிபிடித்து வீட்டுப் பிள்ளைகளையும் கடிக்கத் தொடங்கும். அப்போது கட்டத்தான் வேண்டும், கள்ளனை வேறு யாராவது பிடித்துக்கொண்டிருந்தால்.

இந்தச் சிக்கல் மருந்தோடு கூடவே பிறந்தது. 1948இல் கோர்ட்டிசோனை முதன்முதலில் மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1950இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அடுத்த சில வருடங்களுக்குள்ளேயே, உள்ளுக்குள் அடங்கிக் கிடந்த கசநோய் இந்த மருந்தால் கிளம்புவதையும் மருத்துவர்கள் கண்டுவிட்டார்கள்.

இங்கே நாம் பேசுவது பிரெட்னிசோலோன், டெக்சாமெதசோன், ஹைட்ரோகோர்ட்டிசோன், மெத்தில்பிரெட்னிசோலோன் வகை. ஜிம்முக்குப் போகிற பெடியள் ஊசியாகப் போடுகிற சாமான் வேறு. மில்லிகிராமைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். டெக்சாமெதசோன் 6 மில்லிகிராம் ஏறக்குறையப் பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராமுக்குச் சமன். “சின்னக் குளிசைதானே” என்ற பேச்சு இதில் எடுபடாது.

## எதை வைத்து நிறுப்பது

முதல் அளவுகோல், கிருமியைக் கொல்லும் மருந்து கூடவே போகிறதா என்பது. பக்டீரியா என்றால் அன்ரிபயோட்டிக், கசநோய் என்றால் கசநோய்க் குளிசைகள், பங்கசு என்றால் பங்கசு மருந்து. அது இல்லாத இடத்தில் ஸ்டீரோயிட் போட்டால் கள்ளனை யாரும் பிடிக்கவில்லை.

இரண்டாவது, இப்போது உடம்பைக் கெடுப்பது எது? கிருமியா, அதை எதிர்க்கிற வீக்கமா? மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்குப் போக இடமில்லை, அதனால் அங்கே வீக்கமே எமன். ஒட்சிசன் இல்லாமல் மூச்சுவிட முடியாத நுரையீரலும், தொழுநோயில் வீங்கிப் புடைத்த நரம்பும் இதே கதைதான். சாதாரணத் தடிமன் காய்ச்சலில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை.

மூன்றாவது, நோயாளி யார். சீனி வருத்தம் உள்ளவரா? முன்பு கசநோய் வந்தவரா? ஹெப்படைட்டிஸ் பி இருக்கிறதா? வருடக்கணக்கில் வெறுங்காலோடு ஈரமண்ணில் நின்று வேலை செய்தவரா? இந்தக் கடைசிக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை, கீழே வருகிறேன்.

நான்காவது, எத்தனை நாள், யார் கண்காணிப்பது. சீனி பார்க்க, பிரஷர் பார்க்க, எப்போது நிறுத்துவது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

## வழி ஒன்று: ஸ்டீரோயிட் வேண்டாம், கிருமியை மட்டும் கவனிப்போம்

பெரும்பாலான காய்ச்சல்களுக்கு இதுதான் சரி. கேட்கச் சப்பென்று இருக்கும். பனடோல், தண்ணீர், ஓய்வு, தேவையென்றால் அன்ரிபயோட்டிக். காசு கொடுத்து வருத்தம் பார்க்கப் போன மனிதருக்கு இது ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் மாரி தொடங்கினால் டெங்கு. இலங்கை முழுவதும் 2017இல் மட்டும் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. டெங்குவுக்குக் கிருமிகொல்லி இல்லை. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதால்தான் ஆள் ஆபத்தாகிறார். அதை ஸ்டீரோயிட் தடுக்கும் என்று ஒருகாலத்தில் நம்பிக் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் நிரூபிக்கப்படவில்லை. வீட்டில் வைத்துப் பார்க்கும் டெங்கு நோயாளிக்கு ஸ்டீரோயிட் தவிர்க்கப்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

பலன் இல்லை என்பதை விடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் ஆபத்தான நேரம். பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் விடும். அதன்பிறகான 24 முதல் 48 மணித்தியாலத்தில்தான் நீர்க்கசிவு. ஸ்டீரோயிட் காய்ச்சலை அமுக்கும், பசியைக் கிளப்பும், ஒரு தெம்பையும் தரும். ஆள் எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார். மருத்துவர் காய்ச்சல் அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டிய நேரத்தில் அந்த அட்டவணையே பொய் சொல்லும். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையையும் இந்த மருந்து மாற்றிவிடும் என்பதால் இரத்தச் சோதனையும் குழம்பும்.

எலிக்காய்ச்சலும் இந்த வரிசைதான். 2024 டிசம்பரில் மழைவெள்ளத்துக்குப் பிறகு இங்கே காய்ச்சலோடு வந்து சிலர் அடுத்தடுத்து இறந்தபோது ஊரே ‘மர்மக் காய்ச்சல்’ என்று கலங்கியது. கடைசியில் அது எலிக்காய்ச்சல். அதற்கு நல்ல அன்ரிபயோட்டிக் உண்டு, நேரத்துக்குப் போனால் போதும். நுரையீரலில் இரத்தம் கசியும் கடும் நிலையில் சில மருத்துவர்கள் மெத்தில்பிரெட்னிசோலோன் சேர்ப்பதுண்டு, ஆனால் அதற்கான ஆதாரம் பலமாக இல்லை. உண்ணிக் காய்ச்சலும் குடாநாட்டில் இருக்கிறது. உடம்பில் எங்காவது சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கருந்தழும்பு. டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோட்டிக் தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் விடும். ஸ்டீரோயிட்டுக்கு வேலையே இல்லை.

மலேரியாவை இலங்கை ஒழித்துவிட்டதாக 2016இல் சான்றிதழே கிடைத்துவிட்டது. ஆனாலும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. மூளையைத் தாக்கும் மலேரியாவில் வீக்கம்தானே என்று நினைத்து டெக்சாமெதசோன் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1982இல் தாய்லாந்திலிருந்து வெளிவந்தது. மருந்து பெற்றவர்கள் மயக்கத்தில் கிடந்த நேரம் கூடியதே தவிரக் குறையவில்லை. மூளை என்றாலே ஸ்டீரோயிட் உதவும் என்று ஊகித்துக் கொடுக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இந்த வழியின் செலவு பொறுமை. காய்ச்சல் உடனே விடாது, வேலைக்குப் போக முடியாது, நாளுக்கொரு இரத்தச் சோதனை. அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு இது சின்னச் செலவு அல்ல. அதனால்தான் மூன்றாம் வழி இவ்வளவு இழுக்கிறது. ஆனால் அதற்கு முன் இரண்டாவது.

## வழி இரண்டு: வைத்தியசாலையில், கிருமிமருந்தோடு சேர்த்து, அளவான நாளுக்கு

அக்காவின் கணவர் நின்ற இடம் இது. இங்கே ஆதாரம் நிறைய உண்டு, சில இலக்கங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

கொவிட் காலத்தில் பிரித்தானியாவில் நடந்த ரிக்கவரி ஆய்வின் முடிவு 2020 ஜூனில் வந்தது. ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன், கூடியது பத்து நாள். செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள், மருந்து இல்லாமல் 41.4 வீதம், மருந்தோடு 29.3 வீதம். ஒட்சிசன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 வீதம் 23.3 ஆனது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களில் கதை மறுபக்கம்: மருந்து இல்லாமல் 14.0, மருந்தோடு 17.8. அந்தக் கடைசி வித்தியாசம் உறுதியாகத் தீமை என்று சொல்லும் அளவுக்குப் பலமானதல்ல. நன்மை இல்லை என்பது மட்டும் தெளிவு. ஒரே வைரஸ், ஒரே மருந்து, ஒரே அளவு. நோயாளி எந்தக் கட்டத்தில் இருந்தார் என்பதுதான் முடிவை மாற்றியது.

இனி அக்காவின் கேள்விக்கு நேராக வருகிற ஆய்வு. பிரான்சில் நடந்தது, 2023இல் வெளியானது. கடும் நியூமோனியாவோடு ஐ.சீ.யூ.வில் இருந்த 800 பேர். பாதிப் பேருக்கு அன்ரிபயோட்டிக் சிகிச்சையோடு நாளுக்கு 200 மில்லிகிராம் ஹைட்ரோகோர்ட்டிசோன். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 11.9 வீதத்திலிருந்து 6.2 வீதமாகக் குறைந்தார்கள். இதில் இன்ஃபுளுவென்சாவால் வந்த நியூமோனியாவைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்ஃபுளுவென்சாவில் ஸ்டீரோயிட் பெற்றவர்கள் கூடுதலாக இறந்ததாகவே அவதானிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. அது கடும் நோயாளிகளுக்கே மருந்து போனதாலும் இருக்கலாம். எப்படியும் அங்கே எச்சரிக்கை வேண்டும்.

பக்டீரியா மூளைக்காய்ச்சலில் நேரம்தான் எல்லாம். முதல் அன்ரிபயோட்டிக் ஊசிக்குச் சற்று முன்போ கூடவோ டெக்சாமெதசோன் போக வேண்டும். 2002இல் வந்த ஐரோப்பிய ஆய்வில் இப்படிக் கொடுத்தபோது இறப்பு 15 வீதத்திலிருந்து 7 வீதமாக இறங்கியது. அதே முறை ஆபிரிக்காவின் மலாவியில் பலன் தரவில்லை. அங்கே பெரும்பாலானவர்கள் எச்.ஐ.வி. தொற்றோடு, நோய் முற்றிய பிறகு வந்தவர்கள். கசநோய் மூளைக்காய்ச்சலுக்கு வியட்நாமில் 545 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2004இல் வெளியானது: இறப்பு 41.3 வீதத்திலிருந்து 31.8 வீதம். கசநோயில் ஸ்டீரோயிட் கூடாது என்று சொல்லிவந்த அதே மருத்துவம் கசநோயின் மிகக் கொடிய வடிவத்தில் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. கசநோய்க் குளிசைகள் கூடவே போகின்றன என்பதுதான் வித்தியாசம்.

இரத்தத்தில் தொற்றுப் பரவிப் பிரஷர் இறங்கி, அதை ஏற்ற மருந்து ஏற்றியும் நிற்காதவர்களுக்கும் ஹைட்ரோகோர்ட்டிசோன் கொடுப்பார்கள். 2018இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒன்று உயிர்காப்பில் வித்தியாசம் இல்லை என்றது, மற்றது உண்டு என்றது. பிரஷர் வேகமாகத் தேறுகிறது என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போயின.

எல்லாம் ஐ.சீ.யூ. கதையாக இருக்கத் தேவையில்லை. நாய் குரைக்கிற மாதிரி இருமிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வருகிற குழந்தைக்கு (குரூப் என்பார்கள், வைரஸ்தான் காரணம்) ஒரே ஒரு தடவை டெக்சாமெதசோன் பெரும்பாலும் போதும். தடிமனோடு முட்டு கிளம்பியவருக்குச் சில நாள் பிரெட்னிசோலோன். புகைத்துக் கெட்ட நுரையீரல்காரருக்கு மூச்சுத் திணறல் திடீரென்று கூடினால் நாளுக்கு 40 மில்லிகிராம் ஐந்து நாள். பதினான்கு நாள் கொடுத்தாலும் பலன் கூடவில்லை என்று 2013இலேயே காட்டிவிட்டார்கள். மறுபக்கம், தொழுநோயில் நரம்பு வீங்கிக் கைகால் விறைக்கத் தொடங்கினால் பிரெட்னிசோலோன் மாதக்கணக்கில் போகும். அங்கே பயந்து நடுவில் நிறுத்தினால் விரல்கள் மடங்கியே போய்விடலாம்.

இந்த வழியின் மறைந்த செலவுகள் துண்டில் எழுதப்படுவதில்லை. முதலாவது சீனி. சீனி வருத்தமே இல்லாதவருக்கும் ஏறலாம். இருப்பவருக்குக் கட்டாயம் ஏறும். அதுவும் காலையில் மருந்து எடுத்தால் பின்னேரம்தான் உச்சம். காலைச் சீனியை மட்டும் பார்த்து ‘நல்லாயிருக்கு’ என்று இருந்துவிடக்கூடாது. 2021இல் இந்தியாவில் கொவிட்டுக்குப் பிறகு கறுப்புப் பங்கசு வந்து கண்ணையும் தாடையையும் இழந்தவர்களில் மிகப் பலர் கட்டுப்பாடற்ற சீனியோடு ஸ்டீரோயிட் எடுத்தவர்கள்.

இரண்டாவது, மண்புழு இல்லை, மண்ணில் இருக்கிற வேறொரு புழு. ஸ்ட்ரொங்கிலோயிடஸ் என்று பெயர். வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறிக் குடலில் பத்து, இருபது வருடம் சத்தமில்லாமல் குடியிருக்கும். ஸ்டீரோயிட் வந்ததும் கட்டவிழ்ந்து பெருகி நுரையீரல்வரை போய் ஆளையே கொன்றுவிடலாம். மலச் சோதனையில் அகப்படாமலும் போகும். ஐவர்மெக்ரின் என்ற மலிவான மருந்து இதைத் தீர்க்கும். ஆகவே தோட்டம், வயல் வேலை செய்தவர் என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். “என்ன தொழில்?” என்ற கேள்விக்கு “ரிட்டயர்ட்” என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள்.

மூன்றாவது நித்திரை, குணம். இரவு முழுக்க முழித்திருந்து பேசிக்கொண்டிருப்பார், எரிந்து விழுவார், கண்டபடி பசிக்கும். மருந்தின் வேலை அது. நோயாளியோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

## வழி மூன்று: “ஒரு ஊசி, விடியச் சரி”

பெயர் எழுதாத சின்னக் கடதாசிப் பை. உள்ளே ஐந்து நிறத்தில் குளிசைகள், அதில் ஒன்று சின்னதாக வெள்ளையாக இருக்கும். அல்லது காய்ச்சலுக்கு என்று ஒரு ஊசி, என்ன ஊசி என்று கேட்டால் ‘காய்ச்சல் ஊசிதான்’. எல்லா இடத்திலும் இப்படி நடக்கிறது என்று சொல்லவில்லை. நடக்கிற இடங்களும் உண்டு.

இதன் பலன் உண்மையானது, அதுதான் இதன் ஆபத்து. காய்ச்சல் விடும், மேல்நோ போகும், பசிக்கும். கொடுத்தவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். மேலே சொன்ன அளவுகோல்களில் வைத்துப் பாருங்கள். என்ன கிருமி என்று தெரியாது. அதற்கான மருந்து போகிறதா என்றும் தெரியாது. வீக்கம் உயிரைப் பறிக்கும் நிலையும் இல்லை. நோயாளிக்கு வேறென்ன வருத்தம் என்று கேட்பாரில்லை. சீனி பார்க்க ஆளில்லை. நான்கிலும் தோற்கிற ஒரு வழி, ‘நாளைக்கு வேலைக்குப் போகலாம்’ என்ற ஒன்றில் மட்டும் வெல்கிறது.

நான் பார்த்ததில் மோசமானது கசநோய்க் கதை. மூன்று கிழமையாக இருமல், பின்னேரக் காய்ச்சல். இப்படி ஒரு பை வாங்கினார், சுகம். பை முடிந்தது, திரும்ப வந்தது, இன்னொரு பை. மூன்றாம் மாதம் சளியில் இரத்தம் கண்ட பிறகுதான் சளிச் சோதனைக்குப் போனார். அதற்கிடையில் வீட்டில் அதே அறையில் படுத்த பேரப்பிள்ளையும் சோதனைக்குப் போக வேண்டியதாயிற்று. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளி, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இந்த வழி எப்போது சரி என்று எழுதத்தான் இந்த வகைக் கட்டுரையின் முறை கேட்கும். எனக்கு ஒரு சந்தர்ப்பமும் தெரியவில்லை. பிரெட்னிசோலோன் மருத்துவரின் துண்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. போன வருடத்துத் துண்டு இந்த வருடக் காய்ச்சலுக்குத் துண்டு ஆகாது.

## களிம்பும் கண்மருந்தும்

குளிசைக்குப் பயப்படுகிறவர்கள்கூடக் களிம்புக்குப் பயப்படுவதில்லை. வியர்வையோடு இடுப்பில், தொடையில் படர்தாமரை. ஸ்டீரோயிட்டும் பங்கசு மருந்தும் அன்ரிபயோட்டிக்கும் சேர்த்த கலவைக் களிம்பு ஒன்றை யாரோ சொல்லி வாங்குவார்கள். இரண்டு நாளில் கடி நிற்கும். பூசுவதை விட்டதும் திரும்ப வரும், முன்பைவிடப் பெரிதாக. ஒருவர் கொண்டுவந்த குழாய் பற்பசையைப் பிழிந்த மாதிரி அடிவரை சுருட்டப்பட்டிருந்தது. எட்டாவது குழாய் என்றார். படர்தாமரைக்கே உரிய அந்த வட்ட விளிம்பு அழிந்து, தோல் மெலிந்து, வரிவரியாக வெடித்திருந்தது. வெறும் பங்கசுக் களிம்பு ஒரு மாதம் பூசினால் அவருக்கு முதலிலேயே முடிந்திருக்கும். மருத்துவர் பார்த்து மிகக் குறைந்த நாளுக்குக் கலவை எழுதினால் அது வேறு.

கண்ணில் இன்னும் கவனம். சூடடிக்கும்போது நெல் உமியோ பனையோலை நுனியோ பட்டுக் கண் சிவந்தால் அது பங்கசுப் புண்ணாக இருக்கலாம். ஹெர்பீஸ் வைரஸ் புண்ணாகவும் இருக்கலாம். வீட்டில் கிடந்த ஸ்டீரோயிட் சொட்டை விட்டால் சிவப்பு மறையும், புண் ஆழமாகும். கண் மருத்துவர் விளக்கில் பார்க்காமல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம்.

## ஏற்கெனவே ஸ்டீரோயிட் எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால்

இங்கே கேள்வியே தலைகீழ். மூட்டுவாதம், சிறுநீரக வருத்தம், லூப்பஸ் என்று மாதக்கணக்கில் பிரெட்னிசோலோன் எடுப்பவர்கள் நிறையப் பேர். நிறுத்துவதா, தொடர்வதா, கூட்டுவதா என்று மூன்று தெரிவு.

நிறுத்துவதுதான் மிகத் தவறானது. நீண்ட நாள் வெளியிலிருந்து மருந்து போனதால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை மறந்திருக்கும். காய்ச்சல் நேரத்தில் உடம்புக்கு அது கூடுதலாகத் தேவை. சட்டென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து ஆளே விழுந்துவிடலாம். சாதாரணமாக மருத்துவர்கள் காய்ச்சல் நாட்களில் அளவை இரட்டிக்கச் சொல்வார்கள். உங்கள் கிளினிக்கில் இதை முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். வாந்தி எடுத்துக் குளிசை தங்கவில்லை என்றால் விடியும்வரை பார்க்காமல் வைத்தியசாலைக்கு, அங்கே ஊசியாகப் போடுவார்கள்.

அம்மாள் வருத்தம் வந்த வீட்டில் நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு: வேப்பிலை, குளிர்ச்சியான சாப்பாடு, மருந்து மாத்திரை எல்லாம் ஒதுக்கி வைப்பது. நல்ல சுகதேகிப் பிள்ளைக்குக் கொப்புளிப்பான் அப்படியே வந்து அப்படியே போய்விடும், பிரச்சினை இல்லை. ஆனால் ஸ்டீரோயிட் எடுப்பவருக்கு அந்த வழக்கம் இரண்டு பக்கத்தாலும் அடிக்கும். எதிர்ப்பு குறைந்ததால் கொப்புளிப்பான் நுரையீரல்வரை போகலாம், அதற்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்து உடனே வேண்டும். ‘அம்மாள் வந்திருக்கிறா, மருந்து ஆகாது’ என்று பிரெட்னிசோலோனையும் நிறுத்தினால் மேலே சொன்ன விழுதல். வேப்பிலையைக் கட்டுங்கள், குறையொன்றுமில்லை. ஆனால் ஸ்டீரோயிட் எடுப்பவர் கொப்புளிப்பான்காரரின் அருகில் இருந்தாலே, இன்னும் வராவிட்டாலும், அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

முட்டுக்கு உறிஞ்சுகிற இன்ஹேலரையும் தடிமன் வந்ததென்று நிறுத்தாதீர்கள். உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்தால் வாய்ப் பங்கசு குறையும்.

## ஒரே பார்வையில்

| நோய் | ஸ்டீரோயிட் | கவனிக்க |
|---|---|---|
| தடிமன், சாதாரண வைரஸ் காய்ச்சல் | வேண்டாம் | தானாக விடும் |
| டெங்கு | வேண்டாம் | காய்ச்சல் விட்ட பிறகே கூடுதல் கவனம் |
| எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் | பொதுவாக வேண்டாம் | அன்ரிபயோட்டிக் தாமதிக்கக்கூடாது |
| கொவிட், ஒட்சிசன் தேவையில்லை | வேண்டாம் | பலன் இல்லை |
| கொவிட், ஒட்சிசன் தேவை | வேண்டும் | கூடியது பத்து நாள் |
| ஐ.சீ.யூ.வில் கடும் நியூமோனியா | பலருக்கு வேண்டும் | இன்ஃபுளுவென்சா என்றால் யோசனை |
| பக்டீரியா மூளைக்காய்ச்சல் | வேண்டும் | முதல் அன்ரிபயோட்டிக்கோடு |
| நுரையீரல் கசநோய் | வழமையாக வேண்டாம் | குளிசை முழுக்காலமும் |
| கசநோய் மூளைக்காய்ச்சல் | வேண்டும் | கிழமைக்கணக்கில், மெல்லக் குறைத்து |
| குரூப், தடிமனோடு முட்டு | வேண்டும் | ஒரு தடவை அல்லது சில நாள் |
| படர்தாமரை | வேண்டாம் | பங்கசு மருந்து மட்டும் |

## அந்த இரண்டு பேர்

அக்காவுக்கு நான் பதில் சொல்லவில்லை, மூன்று கேள்விகளைக் கொடுத்தேன். கிருமிக்கு என்ன மருந்து போகிறது? எத்தனை நாளைக்கு இந்த ஸ்டீரோயிட்? சீனியை யார், எப்போது பார்ப்பார்கள்? அடுத்த நாள் காலை வார்டு டொக்டரிடம் கேட்டிருக்கிறார். அவர் கோபிக்கவில்லை, நின்று பதில் சொல்லியிருக்கிறார். இரண்டு அன்ரிபயோட்டிக் போகிறது, இன்ஃபுளுவென்சா சோதனை இல்லை என்று வந்துவிட்டது, தேறுவதைப் பார்த்து எட்டோ பதினான்கோ நாள், சீனி ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐயாவுக்கு நான் குளிசை கொடுக்கவில்லை. நல்ல ஏச்சு விழுந்தது, “உங்களுக்கு விக்க மனமில்லாட்டி வேற கடை இருக்கு” என்று. வேறு கடைக்குப் போனாரோ தெரியாது என்றுதான் நினைத்தேன். பின்னேரம் மகன் மோட்டார்சைக்கிளில் ஏற்றிப்போய் இரத்தம் சோதித்திருக்கிறான். பிளேட்லெட் இறங்கியிருந்தது, டெங்கு, அன்றிரவே வார்டில் படுக்கை. ஒரு கிழமை கழித்து வந்தார், மெலிந்துபோய். ஏசியதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பனடோல் ஒரு அட்டை வாங்கினார். மூலையை வெட்ட வேண்டாம், பெயர் இருக்கட்டும் என்றேன்.

அக்காவும் அதற்கடுத்த நாள் வந்தார். கணவர் வீட்டுக்கு வந்துவிட்டாராம். சீனி மெசினுக்குப் பட்டி ஒரு பெட்டி கேட்டார்.